தாழையடியில் வைத்த சோறு

ஆறு கடலில் சேருமிடத்தில் ஒரு பட்டினம் இருந்தது. ஆற்றின் வடகரையில் சிவன் கோயில். தென்கரையில் பிக்குணிகள் தங்கும் விகாரம். கோயில் மணி அடித்தால் விகாரத்தில் கேட்கும். விகாரத்தில் ஓதுவது காற்று நன்றாக இருந்தால் கோயில் வரைக்கும் போகும்.

விகாரத்தின் ஆசிரியை பெயர் தருமசேனை. அவருக்கு நாற்பது வயது. அவரிடம் மாணவியாக இருந்த மாசாத்திக்கு அறுபது. மாணவி குனிந்து வணங்கும்போது முட்டி சத்தம் போடும். ஆசிரியை ஒவ்வொரு நாளும் "மெதுவாக" என்பார்.

மாசாத்தி வடகரையில் வாழ்ந்தவள். அவளுக்கு ஒரே மகன், இளநாகன். பத்தொன்பது வயதில் கிழக்கே போகும் கப்பலில் ஏறினான். கப்பல் திரும்பவில்லை. கப்பலைப் பற்றிய சேதியும் வரவில்லை. மூன்று வருஷம் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு ஒரு நாள் ஆற்றைத் தாண்டி வந்து தலையை மழித்துக்கொண்டாள். அப்புறம் ஒன்பது வருஷம் போய்விட்டது.

அன்று காலை வாசலில் இருந்த குவளை என்ற பிக்குணி அவளைத் தேடி வந்தாள். குவளை முன்பு மீன் விற்றவள். காவி உடுத்திய பிறகும் குரல் மட்டும் மாறவில்லை.

"மாசாத்தி, உன் வீட்டுக்காரர் வந்திருக்கிறார். கூட ஒரு பட்டர். பட்டர் கையில் ஒரு கட்டுப் புல். மாட்டை எங்கே விட்டுவிட்டு வந்தீர்கள் என்று கேட்டேன். முறைக்கிறார்."

மாசாத்தி சிரிக்கவில்லை. அது என்ன புல் என்று அவளுக்குத் தெரியும்.

வாசலில் அவள் கணவர் சேந்தன் கைத்தடியை ஊன்றி நின்றிருந்தார். மெலிந்திருந்தார். பக்கத்தில் ஈசான பட்டர், தர்ப்பைக் கட்டை நெஞ்சோடு அணைத்தபடி.

"உன்னை இப்போது எப்படிக் கூப்பிடுவது?" என்றார் சேந்தன்.

"எப்படி வேண்டுமானாலும் கூப்பிடுங்கள்."

"நாகனம்மா என்றே கூப்பிடுகிறேன். வேறு எதுவும் வாயில் வரவில்லை."

அவள் காவியைத் தோளில் சரிசெய்துகொண்டாள்.

"நாளைக்கு அமாவாசை. பன்னிரண்டு வருஷம் முடிகிறது."

"தெரியும்."

பட்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். கெட்ட மனிதர் இல்லை. இந்தப் பேச்சைப் பேச அவருக்கும் பிடிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"காணாமல் போனவருக்குப் பன்னிரண்டு வருஷம் பொறுக்கலாம், அம்மா. அதற்கு மேல் பொறுத்தால் போனவருக்குத்தான் கஷ்டம். தர்ப்பையும் புரச இலைக் காம்பும் வைத்து ஓர் உருவம் கட்ட வேண்டும். அதையே உடம்பாக நினைத்துச் செய்ய வேண்டியதையெல்லாம் செய்து எரித்துவிட வேண்டும். இல்லையென்றால் அந்த உயிர் இங்கேயும் இல்லாமல் அங்கேயும் சேராமல் நடுவழியில் நிற்கும். பசி, தாகம். ஒரு கை தண்ணீர் விட ஆளில்லை."

"செத்திருந்தால்தானே?"

"செத்ததாகத்தான் கொள்ள வேண்டும், அம்மா."

"உயிரோடு இருந்தால்? இருக்கிற பிள்ளையை நாமே கொளுத்திய மாதிரி ஆகாதா?"

"அப்படித் திரும்பி வந்தவர்களும் உண்டு. வந்தால், அன்றைக்குத்தான் பிறந்த குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு, பெயர் வைப்பதிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி செய்து வீட்டுக்குள் அழைப்பார்கள். அதற்கும் வழி சொல்லியிருக்கிறது."

"எல்லாவற்றுக்கும் வழி சொல்லியிருக்கிறது," என்றாள் மாசாத்தி. கேலியாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னாள்.

சேந்தன் தடியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். "வாய்க்கரிசி நீதான் போட வேண்டும். பெற்றவள் இருக்கும்போது வேறு யார் போட்டாலும் சேராது."

"பச்சை அரிசி என் கையில் படக்கூடாது. இங்கே அது விதி."

"சோற்றைத் தொடலாம், அரிசியைத் தொடக்கூடாதா?"

"பிச்சையாகச் சமைத்த சோறுதான் வாங்கலாம். அரிசி வாங்கினால் சேர்த்து வைக்கத் தோன்றும். அடுப்பு வேண்டும், பானை வேண்டும், அப்புறம் வீடு வேண்டும்."

"நல்ல விதிதான். ஆக்கிப் போட மட்டும் வேறு ஆள் வேண்டும்."

அவள் அவர் கையைப் பார்த்தாள். மணிக்கட்டு எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. "நீங்கள் ஆக்கிச் சாப்பிடுகிறீர்களா?"

"ஏதோ கொதிக்க வைக்கிறேன். காலையில் பசிப்பதில்லை." அவர் வேறு பக்கம் பார்த்தார். "நாகனம்மா, எனக்கு மூச்சு வாங்குகிறது. அடுத்த அமாவாசைக்கு இருப்பேனோ என்னவோ. நானும் போய்விட்டால் அவனுக்குச் செய்ய யார் இருக்கிறார்கள்? வா. நாளைக்கு வடகரை முகத்துவாரத்தில், வெயில் ஏறியதும்."

அவர்கள் போனார்கள். பட்டர் நாலடி முன்னால் போய்விட்டு, சேந்தனுக்காக நின்று நின்று நடந்தார்.

பிற்பகலில் மாசாத்தி ஆசிரியையிடம் வந்தாள். ஆசிரியை தண்ணீர் வடிகட்டும் துணியைக் கிணற்றடியில் அலசிக்கொண்டிருந்தார். தண்ணீரில் இருக்கும் சின்னப் பூச்சி கூட வயிற்றுக்குள் போய்ச் சாகக் கூடாது என்பதற்காக அந்தத் துணி. அலசிய தண்ணீரை மறுபடி கிணற்றிலேயே விட்டார்.

"தாயே, எனக்கு ஒரே ஒரு கேள்விதான்."

"கேள்."

"என் மகன் இருக்கிறானா, இல்லையா?"

ஆசிரியை துணியைப் பிழிந்தார். "எனக்குத் தெரியாது."

"அவர்களுக்குத் தெரிகிறதே! ஆத்மா அழியாது என்கிறார்கள். நெருப்பு சுடாது, தண்ணீர் நனைக்காது, பழைய வேட்டியைக் களைந்து புது வேட்டி கட்டுவது போல் உடம்பை மாற்றிக்கொள்ளும் என்கிறார்கள். அப்படியானால் அதற்கு ஏன் பசிக்கிறது? தண்ணீர் நனைக்காத ஒன்றுக்கு ஏன் எள்ளும் தண்ணீரும் விடுகிறார்கள்?"

"பட்டரிடம் கேட்டாயா?"

"கேட்டேன், முன்பு ஒரு தடவை. அழியாதது வேறு, பசிக்கிறது வேறு என்றார். பிறகு அவருக்கே கண் கலங்கிவிட்டது. அவருடைய மூத்த மகளும் போய்விட்டவள்தான்."

ஆசிரியை துணியை வெயிலில் விரித்துப் போட்டார்.

"சரி, இங்கே வந்தேன். இங்கே ஆத்மாவே இல்லை என்றீர்கள். ஒரு விளக்கிலிருந்து இன்னொரு விளக்கை ஏற்றுகிறோம், எது போனது என்று கேட்டீர்கள். நானும் தலையாட்டினேன். போவதற்கு ஆளே இல்லையென்றால், ஒவ்வொரு பௌர்ணமிக்கும் இறந்தவர்கள் பெயரைச் சொல்லி ஏன் குடத்துத் தண்ணீரைக் கிண்ணத்தில் வழிய வழிய ஊற்றுகிறோம்? யார் குடிக்கிறார்கள் அதை?"

"ம்."

"அவர்கள் வேட்டியைச் சொல்கிறார்கள். நீங்கள் விளக்கைச் சொல்கிறீர்கள். நான் வேட்டியையும் பெறவில்லை, விளக்கையும் பெறவில்லை. ஒரு பையனைப் பெற்றேன். இடது காதில் மச்சம். மோரைப் பார்த்தால் ஓடுவான்."

ஆசிரியை கிணற்றுத் திட்டில் உட்கார்ந்தார். அவளையும் உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"கோயிலில் இருந்தபோது அழுதால் கேட்க ஒருவர் இருந்தார். பதில் சொல்ல மாட்டார், ஆனால் இருந்தார். விடிந்தால் அவரை எழுப்புவார்கள், குளிப்பாட்டுவார்கள், சாப்பாடு காட்டுவார்கள். எனக்குப் பிள்ளை இல்லாத வீட்டில் அது எவ்வளவு ஆறுதல் தெரியுமா? இங்கே எழுப்புவதற்கு யாரும் இல்லை. அழுதால், அழுகை எங்கே எழுகிறது என்று பார் என்றீர்கள். பார்த்தேன். ஒன்பது வருஷமாகப் பார்க்கிறேன். எழுகிறது, எழுகிறது, எழுந்துகொண்டே இருக்கிறது."

"பிறகு ஏன் இங்கேயே இருக்கிறாய்?"

மாசாத்தி வெயிலில் விரித்த துணியின் ஓரத்தை நீவிவிட்டாள்.

"இங்கே யாரும் அவன் செத்துவிட்டான் என்று சொல்லவில்லை," என்றாள் கடைசியில். "ஆளே இல்லை என்றால் சாவதற்கும் ஆள் இல்லை அல்லவா? அதைப் பிடித்துக்கொண்டேன்."

"பௌர்ணமியன்று, இறந்தோர் பெயர்களை நீதானே வாசிக்கிறாய். அவன் பெயரை வாசித்ததில்லை."

"இல்லை. நலமாக இருக்க வேண்டும் என்று சொல்லும் பெயர்களில் வாசித்தேன். ஒவ்வொரு மாதமும்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "தாயே, இன்னொன்று இருக்கிறது. யாரிடமும் சொன்னதில்லை. அவன் உயிரோடு இருக்கிறான்."

ஆசிரியை நிமிர்ந்து பார்த்தார்.

"விடிந்ததும் நமக்குக் கஞ்சிச் சோறு ஊற்றுகிறார்களே, அதில் பாதியை ஒரு கலயத்தில் எடுத்துக்கொண்டு தெற்கே கடற்கரைக்குப் போவேன். அங்கே ஒரு தாழம்புதர் இருக்கிறது. புதரடியில் வைத்து, மேலே உடைந்த பானை ஓடு ஒன்றைக் கவிழ்த்து மூடிவிட்டு வந்துவிடுவேன். மறுநாள் போய்ப் பார்த்தால் கலயம் காலியாக இருக்கும். காலியாக மட்டும் இல்லை. கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கும். ஓடு பக்கத்தில் தனியாக இருக்கும். காக்கை ஓட்டை எடுத்து வைக்குமா? நாய் கலயத்தைக் கழுவுமா?"

"எத்தனை நாளாக?"

"வந்த முதல் மழைக்காலத்திலிருந்து. ஒரு நாள் கூடத் தவறியதில்லை. புயலடித்த அன்றைக்குக் கூட." அவள் கண்கள் பளபளத்தன. "அவனுக்குப் புத்தி பேதலித்திருக்கலாம். ஆளைப் பார்த்தால் பயமாக இருக்கலாம். கப்பலில் என்ன பட்டானோ! ஆனால் சாப்பிடுகிறான். சின்ன வயதிலிருந்து சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்க்கச் சொல்லிப் பழக்கினேன். இவனைத்தான் எரிக்கச் சொல்கிறார்கள், தாயே."

"நின்று பார்த்ததில்லையா?"

"இல்லை."

"ஒன்பது வருஷத்தில் ஒரு நாள் கூட?"

"நின்றால் வர மாட்டான்."

ஆசிரியை ஈரக் கையைத் துடைத்துக்கொண்டார். "நாளைக் காலையில் நானும் வருகிறேன்," என்றார்.

"வேண்டாம், தாயே."

"நீயும் என்னோடு இருந்து பார்."

"வேண்டாம் என்கிறேனே!"

"அப்படியானால் நாளைக்கு நீ எதை எரிக்க மாட்டேன் என்கிறாய்?"

மாசாத்தி நின்றாள். பிறகு முட்டி சத்தமிடக் குனிந்து வணங்கிவிட்டுப் போனாள். அன்று ஆசிரியை "மெதுவாக" என்று சொல்லவில்லை.

மறுநாள் விடிந்தது. கஞ்சிச் சோற்றில் பாதியைக் கலயத்தில் எடுத்துக்கொண்டு மாசாத்தி முன்னே நடந்தாள். ஆசிரியை பின்னே நடந்தார். தாழம்புதரடியில் கலயத்தை வைத்து ஓட்டால் மூடினாள். பிறகு இருவரும் கொஞ்சம் தள்ளி, கவிழ்த்துப் போட்ட ஒரு பழைய தோணிக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். மாசாத்தியின் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. அவள் சொன்னது புத்தர் பெயரா சிவன் பெயரா என்று ஆசிரியைக்குக் கேட்கவில்லை.

சூரியன் ஒரு பனை உயரம் வந்திருக்கும். வடக்கே தோணித்துறைப் பக்கமிருந்து ஓர் ஆள் வந்தார். மெல்ல வந்தார். பத்தடி நடந்து நின்றார். மறுபடி பத்தடி நடந்தார். கையில் தடி.

மாசாத்தி எழுந்திருக்கப் பார்த்தாள். ஆசிரியை அவள் தோளில் கை வைத்தார்.

சேந்தன் தாழம்புதரடியில் தடியைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார். மூச்சு வாங்கி முடியும் வரை கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஓட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். கலயத்தைக் கையில் எடுத்து, அதை ஒரு கணம் நெற்றியருகே கொண்டுபோனார்.

"இன்றைக்கு அவர் விரதம்," என்று மாசாத்தி முணுமுணுத்தாள். "கருமம் செய்கிறவர் முடிகிற வரைக்கும் பல்லில் பச்சைத் தண்ணீர் கூடப் படக்கூடாது. தெரியும் அவருக்கு. அமாவாசை தவறாதவர்."

சேந்தன் சாப்பிட்டார். பசித்தவர் சாப்பிடுவது போல் இல்லை. விழுங்க முடியாமல் நெஞ்சைத் தடவித் தடவிச் சாப்பிட்டார். பாதியில் நிறுத்தினார். தொடர்ந்தார். கடைசிப் பருக்கை வரை தீர்த்துவிட்டுக் கலயத்தோடு அலையருகே போனார். மணல் போட்டுத் தேய்த்துக் கழுவினார். மேல்துண்டின் நுனியால் துடைத்தார். திரும்பி வந்து, புதரடியில் ஒன்பது வருஷமாக இருந்த அதே இடத்தில் கவிழ்த்து வைத்தார்.

பிறகு தடியை எடுத்துக்கொண்டு வந்த வழியே போனார்.

அவர் மறையும் வரை இருவரும் அசையவில்லை.

"உங்களுக்கு முன்பே தெரியுமா?" என்றாள் மாசாத்தி.

"தெரியாது. இங்கே வந்ததும் மணலைப் பார்த்தேன். காலடிக்குப் பக்கத்தில் வரிசையாகத் தடி ஊன்றிய குழிகள். நேற்றைய குழிகள்."

ஆசிரியை அவள் பக்கம் திரும்பினார்.

"உன் கண்ணில் பட்டதில்லையா?"

"பட்டது." அவள் குரல் உடையவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. "அவனுக்குக் கால் ஒடிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்."

அலை வந்து போனது.

"நேற்று வரைக்கும் இருந்தான், தாயே. நேற்று வரைக்கும் சாப்பிட்டான். இப்போதுதான் செத்தான்."

மாசாத்தி எழுந்து நடந்தாள். வடக்கே, தோணித்துறைப் பக்கம் நடந்தாள்.

வடகரை முகத்துவாரத்தில் எல்லாம் தயாராக இருந்தது. மணலில் வாழையிலை விரித்து அதன்மேல் உருவம் கிடந்தது. புரசங்காம்புகளை அடுக்கிக் கைகால். தர்ப்பையைச் சுற்றி உடம்பு. தலைக்கு ஓர் உரித்த தேங்காய். மேலே இளநாகனின் பழைய துண்டு. பன்னிரண்டு வருஷம் பெட்டியில் இருந்ததால் மடிப்பு மடிப்பாகப் பழுத்திருந்தது.

மாசாத்தி வருவதைக் கண்டு சேந்தன் எழுந்தார். உடனே பின்னால் காவியில் ஆசிரியையும் வருவதைப் பார்த்துப் பட்டர் முகத்தைப் பார்த்தார். பட்டர் கொஞ்சம் யோசித்தார்.

"நிற்கட்டும்," என்றார். "சாவு நடக்கிற இடத்தில் யாரையும் போகச் சொல்லக் கூடாது."

பிறகு அவர் சேந்தனிடம் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார். "விரதம்தானே?"

சேந்தன் உடனே பதில் சொல்லவில்லை. மாசாத்தி தலை குனிந்து நின்றாள்.

"விரதம்தான்," என்றார் சேந்தன்.

பட்டர் மந்திரம் சொல்லத் தொடங்கினார். பெயரைச் சொன்னார், குலத்தைச் சொன்னார், அப்பன் பெயரைச் சொன்னார். சேந்தன் திருப்பிச் சொன்னார். சில இடங்களில் மூச்சு போதவில்லை. பட்டர் பொறுத்து நின்றார்.

"வாய்க்கரிசி," என்றார் பட்டர்.

ஒரு மரத்தட்டில் பச்சை அரிசி இருந்தது. அவர் அதை மாசாத்தி முன் நீட்டினார். அவள் கை எழவில்லை. அவள் ஆசிரியையைப் பார்த்தாள்.

ஆசிரியை முன்னால் வந்தார். இரண்டு கைகளையும் நீட்டிப் பட்டரிடமிருந்து அந்தத் தட்டை வாங்கினார்.

பட்டர் திடுக்கிட்டார். "அம்மணி, உங்களுக்கு இது ஆகாதே!"

"ஆகாது," என்றார் ஆசிரியை. தட்டை மாசாத்தியின் முன் பிடித்துக்கொண்டு நின்றார்.

மாசாத்தி ஒரு பிடி அரிசி எடுத்தாள். குனிந்தாள். தேங்காயைப் பார்த்தாள். அதில் மூன்று கண்கள் இருந்தன.

"வாய் எது?" என்று கேட்டாள்.

இத்தனை வருஷம் இந்தக் கருமத்தைச் செய்து வைத்த பட்டரிடம் யாரும் அதைக் கேட்டதில்லை போலும். அவர் தேங்காயைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"நீங்கள் வைக்கிற இடம்தான், அம்மா," என்றார்.

அவள் துண்டை ஒதுக்கி, அரிசியை வைத்தாள். அது நிற்கவில்லை. உருண்டு வழிந்து மணலில் விழுந்தது. மறுபடி ஒரு பிடி எடுத்து வைத்தாள். அதுவும் வழிந்தது. மூன்றாவது தடவை அரிசியை வைத்து, மேலே கையால் மூடிக்கொண்டாள். கையை எடுக்கவே இல்லை.

"நாகனம்மா," என்றார் சேந்தன்.

"சாப்பிட மாட்டேன் என்கிறான்," என்றாள் அவள்.

சேந்தன் அவள் பக்கத்தில் மண்டியிட்டார். அவள் கையை விரல் விரலாக எடுத்துவிட்டார்.

தீ வைத்தார்கள். காய்ந்த புல். பட்டர் அடுத்த மந்திரத்தைத் தொடங்கும் முன்பே உடம்பு எரிந்து முடிந்துவிட்டது. தேங்காய் மட்டும் கொஞ்சநேரம் கிடந்து, வெடித்தது. ஒரு பையன் வளரப் பத்தொன்பது வருஷம். அவனுக்காகக் காத்திருந்தது பன்னிரண்டு வருஷம். எரிந்து முடிய ஒரு பானைத் தண்ணீர் கொதிக்கும் நேரம் கூட ஆகவில்லை.

சேந்தன் கடலில் இறங்கி எள்ளும் தண்ணீரும் விட்டார். கரையேறியபோது அவர் முகம் தூக்கம் வந்த குழந்தையின் முகம் போல இருந்தது.

"அவன் வயிறு நிறைந்துவிட்டது, நாகனம்மா," என்றார். "இனிமேல் கவலை இல்லை."

அவள் தலையாட்டினாள். தாழம்புதரைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை. அவரும் எதுவும் சொல்லவில்லை.

அன்று மாலை விகாரத்தில் ஆசிரியை எல்லாப் பிக்குணிகளுக்கும் முன்னால் எழுந்து, பச்சை அரிசியைக் கையில் வாங்கினேன் என்று தன் குற்றத்தைச் சொன்னார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. இனிச் செய்ய மாட்டேன் என்றும் சொல்ல வேண்டும். அதைச் சொல்லக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு சொன்னார்.

மறுநாள் விடிந்தது. மாசாத்தியின் கை பழக்கத்தில் கஞ்சிச் சோற்றைப் பாதியாகப் பிரித்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு எடுத்துக்கொண்டு போய்த் தாழையடியில் வைத்து மூடிவிட்டு வந்தாள். அவருக்காவது ஆகட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

அதற்கு மறுநாள் போனாள். ஓடு மூடியபடியே இருந்தது. திறந்தாள். சோறு அப்படியே இருந்தது. மேலே தண்ணீர் விட்டுப் புளித்திருந்தது. மணலில் தடிக் குழி எதுவும் இல்லை. காற்று எல்லாவற்றையும் சமமாக்கியிருந்தது.

கலயத்தை எடுத்துக்கொண்டு விகாரத்துக்கு ஓடினாள். வாசலில் குவளை நின்றாள்.

"குவளை, நேற்று வடகரைக்குப் பிச்சைக்குப் போனாயே, அவரைப் பார்த்தாயா?"

"பார்த்தேனே! வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். இன்றைக்குக் காலையில் எழுந்திருக்கவே தோன்றவில்லை, நன்றாகத் தூங்கினேன் என்றார். எனக்கு ஒரு அகப்பை சோறும் போட்டார். குழைந்துபோயிருந்தது." குவளை கலயத்தைப் பார்த்தாள். நகர்ந்து வழிவிட்டாள்.

ஆசிரியை கிணற்றடியில் இருந்தார். மாசாத்தி கலயத்தை அவர் முன்னால் வைத்தாள். வணங்கவில்லை.

"அவருக்குத் தீர்ந்துவிட்டது," என்றாள். "அவருடைய கோயில் அவருக்குத் தீர்த்து வைத்துவிட்டது. எரித்தார், தண்ணீர் விட்டார், தூங்குகிறார். எனக்கு ஏன் தீரவில்லை? ஆத்மா இல்லை என்று கற்றேன். எல்லாம் மாறிப்போகும் என்று கற்றேன். கற்றவளுக்குத் தீராததும் கல்லாதவருக்குத் தீர்ந்ததும் எப்படி?"

ஆசிரியை கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தார்.

"நான் அங்கே திரும்பிப் போகவா? போனால் எனக்கும் தூக்கம் வருமா?"

"தெரியாது."

"தெரியாது, தெரியாது! உங்களுக்குத் தெரிந்தது ஒன்றாவது சொல்லுங்கள். ஒன்பது வருஷம் வைத்தேன். ஒன்பது வருஷமும் ஒருவர் வந்து சாப்பிட்டார். இன்றைக்கு ஒருவரும் வரவில்லை. பையனும் இல்லை, அவரும் இல்லை, ஒரு காக்கை கூட இல்லை. அப்படியே இருக்கிறது, பாருங்கள். யாருக்கு வைத்தேன் இதை?"

ஆசிரியை ஓட்டை எடுத்தார். புளித்த சோற்றை வெகுநேரம் பார்த்தார். பிறகு ஓட்டை மறுபடி மூடினார். தூங்குகிறவரைப் போர்த்துவது போல மூடினார்.

"இத்தனை நாளும் உன் கணவருக்கு வைத்தாய், மாசாத்தி," என்றார். "இன்றைக்குத்தான் உன் மகனுக்கு வைத்திருக்கிறாய்."